படகில்லாத லீவு

"இந்த வருஷம் லீவுக்கு உன் வீட்டுக்கு வரலைடா" என்று அக்கா போனில் சொன்னது தம்பியின் காதில் ஏறவே இல்லை.

"சரி சரி, எந்த பஸ்ல ஏறுற? ஆள் அனுப்பறேன்" என்றான்.

அவனையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. அவன் படகு வாங்கிய நாளிலிருந்து அக்காவின் லீவு என்றால் தம்பி வீடுதான். அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவன் நினைத்தான். அக்காவும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தாள், அது வேறு விஷயம்.

"டேய், வரலைங்கறேன். நானும் உன் மாமாவும் கடல்ல மீன் பிடிக்கப் போறோம்."

"அதைத்தானே நானும் சொல்றேன்? கடல் என் வீட்டு வாசல்லதானே இருக்கு."

"உன் வாசல் வேணாம். வேற கடற்கரை. ரூம் சொல்லியாச்சு."

"யாரு படகு?"

"படகு இல்ல. கரையில நின்னு பிடிக்கப் போறேன்."

தம்பி சிரித்தான். சின்னச் சிரிப்பு இல்லை, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரிக்கிற சிரிப்பு. "படகு இல்லாம கடல் மீனா? அக்கா, அது உன் ஏரி இல்ல. கரையில நின்னா கால்தான் நனையும்."

அக்கா போனை வைத்துவிட்டாள்.

அவள் சோபா பட்டறையில் உறை தைப்பவள். தடித்த துணி, வளைந்த ஊசி, இழுத்து முடிச்சுப் போட்டால் ஆள் ஏறிக் குதித்தாலும் பிரியாத தையல். ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறைக்குப் பின்னால் இருக்கிற ஏரியில் கணவரோடு தூண்டில் போடுவாள். கெண்டையும் கெளுத்தியும் அவளுக்குக் கைவந்த மீன்கள். ஆனால் கடலில் ஒரு முறைகூடத் தூண்டில் போட்டதில்லை. தம்பிக்கு அதுவே தொழிலாக இருந்தும் போட்டதில்லை.

கடலில் மீன் பிடிக்க ஆசைப்படும் பட்டணத்து ஆட்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போவான் தம்பி. அவர்கள் பிடித்து வருவதை யாராவது செதில் சீவி, குடல் எடுத்து, துண்டு போட்டுத் தர வேண்டுமே. முதல் வருடம் சும்மா பார்க்கப் போனவளிடம், "அக்கா, கொஞ்சம் கை குடேன்" என்றான். கொஞ்சம் என்கிற அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவனைக் கட்டி வைத்து உதைக்க வேண்டும். அன்றைக்குப் பிடித்த கத்தியை அவள் அப்புறம் எந்த லீவிலும் கீழே வைக்கவில்லை. "ஒரு நாள் என்னையும் கூட்டிட்டுப் போடா" என்று கேட்டால், "இடம் இல்லக்கா, அடுத்த தடவை" என்பான். உப்புக்குச் சப்பாணியாகக்கூட அந்தப் படகில் அவளுக்கு இடம் வந்ததில்லை.

அதையும் பொறுத்துக்கொண்டாள். போன வருடம் நடந்ததைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. முழங்கை வரை செதிலோடு உட்கார்ந்திருந்தபோது, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் அவளைக் காட்டி, "யாரு இவங்க?" என்று கேட்டார். "இவங்களா? நம்மகிட்ட மீன் வெட்டறவங்க" என்று சொல்லிவிட்டுத் தம்பி போய்விட்டான். அக்கா என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. சிறு வயதில் அவனை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் அவள். அன்று கையில் இருந்த மீனை எவ்வளவு நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள் என்பது அவளுக்கே தெரியாது.

அவள் கணவர் வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் பார்ப்பவர். யாரோடும் வம்பு வைத்துக்கொள்ளாத மனிதர். நாய் வளர்க்கிற வீடுகளில் வேலை பார்த்துப் பார்த்து வந்த குணம் அது என்று அக்கா சொல்வாள்.

"அவனைப் பகைச்சுக்கணுமா? ஒரே தம்பி" என்றார்.

"நான் எங்கே பகைச்சேன்? என் லீவை நான் கேக்கறேன். அவ்வளவுதான்."

"சரி. ஆனா கரையில நின்னா மீன் வருமா? அவன் இத்தனை வருஷமாக் கடல்ல கிடக்கறவன், அவனே சிரிக்கிறான்."

அக்கா சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு மேஜைமேல் கையை ஊன்றினாள். "அவன் மீனோட வாயை மட்டும்தான் பார்த்திருக்கான். நான் வயித்தைப் பார்த்திருக்கேன். கிழங்கான் வயித்துக்குள்ள என்ன இருக்கும் தெரியுமா? மணல் புழு, பொடி நண்டு, உடைஞ்ச சிப்பி. அந்தப் பொடி நண்டை நாம எங்கே பார்ப்போம்? அலை திரும்பிப் போறப்போ காலுக்கடியில மணல்ல புதையுமே, அதேதான். கரைக்கு வந்து சாப்பிட்ட மீனைப் பிடிக்க நான் எதுக்குக் கடலுக்குள்ள போகணும்?"

கணவர் அவள் நகர்த்திய தட்டைத் திரும்ப அவள் பக்கம் தள்ளினார். பிறகு, "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"யாரு கேட்டா?"

அன்றிலிருந்து ஏற்பாடு மும்முரமானது. மணல் சரிந்து இறங்குகிற கரையாக இருக்க வேண்டும், பாறை ஆகாது. ரூமிலிருந்து நடந்தே போக வேண்டும், வண்டிக்கு யாரையும் கெஞ்சக்கூடாது. ஏரித் தூண்டில் குட்டை என்று நீளமான கம்பு ஒன்று வாங்கினாள். உப்புத் தண்ணீரில் ரீல் துருப்பிடிக்கும் என்று கேள்விப்பட்டு, தினமும் கழுவ ஒரு வாளியையும் மூட்டையில் கட்டினாள். தூண்டில் முள்ளில் அவள் போட்ட முடிச்சைப் பார்த்துவிட்டு பட்டறை முதலாளி, "இது மீனுக்கா, சோபாவுக்கா?" என்று கேட்டார். "ரெண்டும் என் கையை விட்டுப் போகக்கூடாது" என்றாள்.

தம்பி விடவில்லை. மாமாவைப் பிடித்துப் பார்த்தான், அவர் போனை அக்காவிடமே நீட்டிவிட்டார். "சீசன் நேரத்துல கழுத்தை அறுக்கிறியேக்கா. வெட்ட ஆளுக்கு நான் எங்கே போவேன்?" என்று புலம்பினான். அவள் மசியவில்லை. கடைசியில் அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "போ, போ. ஒத்த மீன் கிடைக்காது. ரெண்டாம் நாளே தானா இங்கே வந்து நிப்பே."

அந்தச் சொல் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஒன்றுமில்லாமல் திரும்பினால் காலத்துக்கும் லீவு போச்சு என்பது அவளுக்குத் தெரியும். அவன் கூப்பிட்டால் மறுக்க அதற்கப்புறம் வாயிருக்காது.

சைக்கிள் கடை மாடியில் ரூம். ஜன்னல் கம்பியெல்லாம் உப்புப் பூத்திருந்தது. முதல் நாள் இருட்டு விலகும் முன்பே கணவரை உலுக்கி எழுப்பிவிட்டாள். ஏரியில் விடியற்காலைதான் மீன் கடிக்கும், அவளுக்குத் தெரிந்த சட்டம் அது. கம்பு, வாளி, இரை டப்பா எல்லாவற்றையும் சுமந்துகொண்டு கரைக்குப் போனால் கடலைக் காணோம். கண்ணுக்கு எட்டிய தூரம் ஈர மணல். எங்கேயோ தள்ளி ஒரு வெள்ளைக் கோடு.

"ஏம்மா," என்றார் கணவர் மெதுவாக, "ராத்திரியோட ராத்திரியா யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க போல."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் கடலோரத்தில் லீவைக் கழித்தும், கடல் ஏறும், வற்றும், அதற்கென்று நேரம் உண்டு என்பது மண்டையில் ஏறாமல் போயிற்றே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. எப்படி ஏறும்? கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதானே மீன் வெட்டினாள். தம்பியின் குரல் காதில் கேட்டது: அது உன் ஏரி இல்ல.

அவன் சொன்னது சரியாகிவிடுமோ என்கிற பயம் அப்போதுதான் முதல் தடவையாக வந்தது. பயம் வந்ததும் கூடவே கோபமும் வந்தது. அதுதான் அவளைக் காப்பாற்றியது என்று சொல்ல வேண்டும்.

வெள்ளைக் கோட்டைத் துரத்திக்கொண்டு போய் வீசினாள். ஒன்றுமில்லை. தண்ணீர் ஏறியதும் கரையில் நின்று, தோள் கழன்றுவிடும்போல எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் வீசினாள். பாசி வந்தது. மறுநாளும் பாசிதான். அதற்கு மறுநாள் ஒரு செருப்பு வந்தது. "ஜோடி கிடைக்கிற வரைக்கும் போடு" என்றார் கணவர். இதற்கு நடுவில் தம்பியின் போன் வேறு விடாமல் அடித்தது. அவள் எடுக்கவில்லை.

கடல் வற்றியிருந்த ஒரு காலையில் தூண்டிலை ரூமிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு இறங்கி நடந்தாள். உறையை உரித்துப் போட்ட சோபா மாதிரி தரை முழுக்கத் திறந்து கிடந்தது. எங்கே மேடு, எங்கே பள்ளம் எல்லாம் தெரிந்தது. கரையை ஒட்டினாற்போல ஒரு பள்ளம் நீளமாக ஓடியது. அதில் இன்னும் தண்ணீர் தேங்கி நின்றது. ஓரமெல்லாம் பொடிப் பொடியாகத் துளைகள். விரலை விட்டுக் கிளறினாள், நண்டு ஓடியது.

அவளுக்குப் பளிச்சென்று விளங்கியது. இவ்வளவு நாளும் மீனின் சாப்பாட்டு மேஜையைத் தாண்டித் தாண்டி வீசிக்கொண்டிருந்திருக்கிறாள். தூரத்தில் மீன் இருக்கும் என்று யார் சொன்னது? படகுக்காரர்கள் சொன்னது. படகை மறுத்துவிட்டு வந்தவள் படகுக்காரன் புத்தியை மட்டும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். "போடி முட்டாள்" என்று தன்னையே வாய்விட்டுத் திட்டிக்கொண்டாள். திட்டியபோதும் சந்தோஷமாக இருந்தது.

மதியம் தாண்டி தண்ணீர் ஏறத் தொடங்கியது. நண்டைக் கோத்து, பள்ளம் இருந்த இடத்தில் மெல்லப் போட்டுவிட்டுக் காத்திருந்தபோது, மணலில் வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது யார் என்று.

"அக்கா!" தம்பி வேர்த்து விறுவிறுத்து வந்தான். "போனை எடுக்க மாட்டியா? மாமா அன்னிக்குச் சொன்ன ஊரைத் தேடிப் பிடிச்சு வர்றேன். வெட்ட வெச்ச ஆள் சொல்லாம கொள்ளாம நின்னுட்டான். பெட்டி பெட்டியா மீன் ஐஸ்ல கிடக்கு. வந்தவங்க கத்தறாங்க. கிளம்பு."

"நான் எங்கேயும் வரலை."

அவன் வாளியை எட்டிப் பார்த்தான். காலி. முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "எத்தனை பிடிச்சே?"

"ஒண்ணும் இல்ல."

"அப்புறம் என்ன? மீனே கிடைக்கலை. சும்மா வெயில்ல நிக்கறதுக்கு அங்கே வந்து உதவியா இருக்கலாமில்ல? மாமா, நீங்களாவது சொல்லுங்க."

மாமா கடலைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். "சொன்னா கேக்கற ஆளாடா அவ?" என்று மட்டும் சொல்லிவிட்டு வாளிமேல் உட்கார்ந்துகொண்டார். வாழ்க்கையில் அவர் ஒரு கட்சி சேர்ந்தது என்றால் அது அன்றைக்குத்தான்.

"மீன் கிடைச்சாத்தான் லீவுன்னு யாருடா சொன்னது?" என்றாள் அக்கா. "பிடிக்காம நிக்கறதும் என் லீவுதான். செருப்பு பிடிச்சாலும் என் லீவுதான்."

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது கம்பு ஒரு முறை துள்ளியது. மறுபடி துள்ளி, நுனி வளைந்து அப்படியே நின்றது. தம்பி யோசிக்கக்கூட இல்லை, பாய்ந்து வந்து கம்பைப் பிடித்தான். படகில் அவன் பழக்கம் அது. படகில் வந்த கெஸ்ட்டின் தூண்டிலில் மீன் மாட்டினால் முதலில் இவன் கை போகும்.

"கையை எடு."

"இல்லக்கா, நழுவிடும், நான்..."

"கையை எடுடா!"

அவள் குரல் அப்படி உயர்ந்து அவன் கேட்டதில்லை. கை தானாக விலகியது.

தூண்டில் நரம்பு விண்ணென்று இழுத்தது. ஏரி மீனின் இழுப்பு இல்லை இது, முரட்டு இழுப்பு. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுக்கொடுத்தாள், சுற்றினாள், மறுபடி விட்டாள். பிறகு ஒவ்வொரு அடியாகப் பின்பக்கமாகவே நடந்து மணல்மேட்டில் ஏறினாள். பின்னால் நடக்கப் படகில் இடம் ஏது? அலையோடு அலையாக மீன் கரையேறிப் புரண்டது. கிழங்கான். ஒரு சாணுக்கு மேல் நீளம், வெள்ளி வெள்ளியாக.

அக்கா மணலில் மண்டியிட்டு இரண்டு கையாலும் அதைப் பிடித்தாள். ஆயிரக்கணக்கில் அவள் கையில் கடல் மீன் கிடந்திருக்கிறது. உயிரோடு, அவளுக்கென்று, ஒன்றுகூடக் கிடந்ததில்லை. கண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

கணவர் எழுந்து வாளியை நீட்டினார். தம்பி கிட்டே வந்து மீனைப் பார்த்தான். தொழில்காரன் அல்லவா, அவனால் பொய் சொல்ல முடியவில்லை. "நல்ல மீன்க்கா. நிஜமாவே நல்ல மீன்" என்றான். உடனே கையைத் தட்டிக்கொண்டான். "சரி, அதான் பிடிச்சாச்சே. ஆசை தீர்ந்துதில்ல? வண்டியில ஏறு."

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. பிடிக்கவில்லை என்றால் கிளம்பு, பிடித்துவிட்டால் கிளம்பு. இரண்டுக்கும் நடுவில் அவளுக்கு ஒரு நாள் இருக்கக்கூடும் என்பது அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. ஒரு மீனைக் காட்டி இவன் வாயை அடைத்துவிடலாம் என்று இத்தனை நாள் நம்பியிருந்தது எவ்வளவு வீண் என்று அவளுக்குப் புரிந்தது. இவனிடம் நிரூபிக்க எதுவும் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டியதுதான்.

டப்பாவைத் திறந்து அடுத்த நண்டை எடுத்து முள்ளில் கோத்தாள்.

"உன் மீனை நீ வெட்டு, தம்பி" என்றாள். "நான் லீவுல இருக்கேன்."

அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். அவள் தண்ணீரைப் பார்த்து இறங்கிப் போய் முழங்கால் நனைய நின்று மறுபடியும் வீசினாள்.