நாற்பது வரிகள் ஆறான கதை

1

மேற்கு மாம்பலத்தில் ஒரு டயாலிசிஸ் மையம். ஞாயிறுதோறும் அங்கே போய், வருகிறவர்களைக் கைப்பிடித்துப் படியேற்றிவிடுவேன். அங்கேதான் அனுப்ரியா இதைச் சொன்னாள். கேட்டதைக் கதையாக எழுத உட்கார்ந்தபோது எனக்கு முதல் வரியே சரியாக வரவில்லை.

'பொறுப்பில்லாத ஒரு பெண்…' (அடித்துவிட்டேன். அவள் அப்படியில்லை.)

2

அனுப்ரியாவுக்கு ஈக்காட்டுத்தாங்கலில் வேலை. மையத்தில் யாருக்கு எந்த நேரம் என்று தீர்மானித்து போனுக்குச் செய்தி அனுப்பும் புரோகிராம் அவள் பொறுப்பில். அதில் நேரம் கணக்கிடும் பழைய கட்டளை ஒன்றைக் கைவிடப்போவதாக அது எழுதப்பட்ட கணினி மொழியை உருவாக்குபவர்கள் அறிவித்திருந்தார்கள்.*

அதை நம்பியிருந்த நாற்பது சிக்கலான வரிகளை நீக்கி, புதிய கட்டளையால் ஆறே வரியில் எழுதினாள். படிக்க அத்தனை தெளிவு. சோதனை ஓட்டங்களில் எல்லாம் புரோகிராம் தேறியது. குழுவில் கைதட்டினார்கள்.

* உடனே எடுத்துவிட மாட்டார்கள். சில வருடம் மஞ்சள் எழுத்தில் எச்சரிப்பார்கள். மனிதர்களிடமும் இந்தப் பொறுமையை… (பிரசங்கம். நிறுத்துகிறேன்.)

3

வியாழக்கிழமை மையத்திலிருந்து அனுப்ரியாவுக்குப் போன். அங்கே டயாலிசிஸுக்கு வரும் முத்தம்மா மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில்.

அடையாற்றங்கரையிலிருந்து ஊருக்கு வெளியே மாற்றிக் குடிவைக்கப்பட்டவர். செவ்வாய் காலை ஐந்தரைக்கு வரச்சொல்லிச் செய்தி போயிருக்கிறது. அதற்கு முன் அவருக்குப் பஸ் கிடையாது. ஏழுக்கு வந்து சேர்ந்தபோது படுக்கை இன்னொருவருக்குப் போயிருந்தது. அன்று வேறு இடமும் இல்லை; டயாலிசிஸ் இல்லாமலே திரும்பியிருக்கிறார்.

பழைய வரிகளை எழுதிய ஸ்ரீரங்கன் இப்போது வேறு கம்பெனியில். அவனை அழைத்தாள்.

"ஸ்ரீ, நேரக் கணக்குல கோணலா ஒரு நிபந்தனை இருந்துச்சே, அது எதுக்கு?"

"எட்டு மணியா? ஐயோ, அதைத் தூக்கிட்டியா? தூரத்துலேர்ந்து வர்றவங்களை எட்டுக்கு முன்னால கூப்பிடாதேன்னு நர்ஸ் ஷீலாக்கா கேட்டாங்க."

"பாவி, காரணத்தை ஒரு வரி எழுதித் தொலைச்சிருக்கலாம்ல?"

"எனக்குத்தான் தெரியுமேன்னு விட்டுட்டேன் மச்சி."

ஒரு கருணை, காரணம் எழுதப்படாமல், பார்க்க அசிங்கமாக, நான்கு வருடம் அங்கே வேலை செய்திருக்கிறது. நான் திகைத்தது இதற்குத்தான்.

4

ஒரு முடிவு: முத்தம்மா… (கடவுளே, வேண்டாம்.)

இன்னொன்று: அனுப்ரியா நிபந்தனையைத் திரும்பச் சேர்த்து, காரணத்தையும் எழுதிவிட்டு, யாரிடமும் சொல்லாமல்…

சேர்த்தாள், எழுதினாள். அதுவரை உண்மை. சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்கும் போனாள். முத்தம்மாவுக்கு மூச்சு சீராகியிருந்தது.

"லேட்டா போனது என் தப்புதாம்மா. சிஸ்டராண்ட மன்னிப்பு கேட்டுக்கினேன். நீ யாரு, இன்னா வோணும்?"

"அம்மா, நான்…"

அடுத்து அவள் சொன்னது எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. அந்தக் கட்டிலருகே இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். முத்தம்மா உங்களைத்தான் பார்க்கிறார்.