வழுக்குப் பாறைக்கு ஒரு காலி ட்ரிப்

நாலாவது தடவையும் அய்யாக்கண்ணு வலது பக்கமாகத்தான் விழுந்தார். சைக்கிள் ஒரு பக்கம் கிடக்க, ஹெல்மெட்டோடு பாறையில் உட்கார்ந்தபடி, பின்னால் வந்த வண்டி எதுவோ இடித்துவிட்டது போல மேலே திரும்பி முறைத்தார். மேலே கலைமதியைத் தவிர ஒருவரும் இல்லை. அவள் ஓடி வரவில்லை. விழுந்தவர் தானாக எழுகிறாரா, எந்தக் கையை ஊன்றி எழுகிறார், எழுந்ததும் முதலில் எதைத் தொட்டுப் பார்க்கிறார் என்று பார்த்துவிட்டு அப்புறம்தான் போக வேண்டும் என்பது அவள் வழக்கம். அய்யாக்கண்ணு முதலில் தொட்டுப் பார்த்தது முட்டிக் கவசத்தை. அது அவருடைய மகளுடையது. கிழியவில்லை என்று தெரிந்ததும் எழுந்துகொண்டார்.

"அடி பட்டுச்சாண்ணே?"

"அடியெல்லாம் ஒண்ணுமில்ல. பாறைதான் லேசா நகந்துருச்சு."

கலைமதிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமைக்குள் இந்த மனிதர் வழுக்குப் பாறையில் விழாமல் இறங்கியாக வேண்டும். இறங்காவிட்டால் பாதை இல்லை, பாதை இல்லாவிட்டால் அடுத்த வாரம் நடக்கவேண்டிய போட்டியும் இல்லை.

அன்னவாசலில் பிறந்து வளர்ந்த பெண் அவள். உடற்கல்வி படித்துவிட்டு மணாலிப் பக்கம் ஒரு சைக்கிள் பார்க்கில் நாலு வருடம் மலையிலிருந்து சைக்கிளில் இறங்கும் பயிற்சி கொடுத்தாள். திரும்பி வந்தபோது, இந்த மாவட்டத்தில் மலை எங்கே இருக்கிறது என்று கேட்காத ஆள் இல்லை. மலை இருக்கிறதுதான். ஆனால் ஒன்றில் குகை இருக்கும், ஒன்றில் கல்வெட்டு இருக்கும், இரண்டும் இல்லாவிட்டால் உச்சியில் ஒரு முருகன் இருப்பார். குகையும் கல்வெட்டும் சாமியும் இல்லாத ஒரு குன்றைத் தேடிக் கண்டுபிடிக்க அவளுக்கு ஐந்து மாதம் ஆனது. குருவிமலை என்று பெயர். ஊராட்சியில் எழுதிக்கொடுத்து அனுமதி வாங்கி, மண்வெட்டியும் கடப்பாரையுமாக எழுநூறு மீட்டர் பாதை வெட்டினாள். இரண்டு வருடத்தில் பதினோரு பேர் அவளிடம் மலையிறங்கப் படித்திருக்கிறார்கள். இப்போது முதல் முறையாகப் போட்டி. ஊட்டியிலிருந்தும் மதுரையிலிருந்தும் அறுபது பேர் பெயர் கொடுத்திருந்தார்கள்.

பாதையின் கடைசி நூற்றைம்பது மீட்டர் மட்டும் அய்யாக்கண்ணுவின் பட்டா நிலம். மேலே வழுக்குப் பாறை, கீழே தைல மரங்கள். இடது பக்கம் கல் உடைத்த பள்ளம், வலது பக்கம் அய்யனார் கோயில் காடு. வேறு வழி கிடையாது. ஒன்றரை வருடம் அவர் ஒன்றும் சொன்னதில்லை. "சைக்கிள் ஓடுனா மரமா தேஞ்சு போவுது?" என்று பெருந்தன்மையாகத்தான் இருந்தார். அவர் மினிபஸ் ஓட்டுகிறவர். விடிந்தால் அன்னவாசலைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு வண்டி எடுத்துப் போய்விடுவார். மகள் வைஷ்ணவி காலேஜ் இல்லாத நாட்களில் சைக்கிள் ஓட்டுகிறாள் என்று அவருக்குத் தெரியும். என்ன மாதிரி ஓட்டுகிறாள் என்று தெரியாது.

போன வாரம் வண்டி எப்.சி. சோதனைக்குப் போயிருந்த நாளில் தெரிந்துவிட்டது. தைல மரத்தடியில் நின்றவர் அண்ணாந்து பார்த்திருக்கிறார். இரண்டு ஆள் உயரப் பாறை, சுவரை லேசாகச் சாய்த்து வைத்த மாதிரி. அதன் விளிம்பில் அவர் மகள் தோன்றி, நிற்காமல், சக்கரத்தைக் கவிழ்த்து இறங்கி, அவரைத் தாண்டிப் போய்விட்டாள். அவர் சத்தம் போடவில்லை. மறுநாள் காலையில் பாறைக்குக் கீழே பாதையை மறித்துக் கருவேல முள் கிடந்தது.

கலைமதி அவரிடம் போய் நின்றாள். கெஞ்சுவது அவளுக்கு வராது, அதனால் நேராகவே பேசினாள்.

"அவ இந்தப் பாறையில நூறு தடவைக்கு மேல எறங்கிட்டாண்ணே. எங்கிட்ட இருக்குறதுலயே அவதான் வேகம்."

"இருக்கட்டும் ஆத்தா. நான் சொல்றதக் கேளு. புது ரூட்டு விட்டா மொத ட்ரிப்பு நான் ஆள் ஏத்த மாட்டேன். காலியா ஓட்டிப் பாத்துருவேன். எங்கிட்டுப் பள்ளம், எங்கிட்டு வளைவுன்னு பாத்துட்டு ரெண்டாவது ட்ரிப்புக்குத்தான் ஆளு. இருவத்தி நாலு வருசமா இதுதான் பழக்கம். ஒரு கோழி அடிபட்டதில்ல. வர்றவன் போறவன ஏத்துறதுக்கே இவ்வளவு பாக்குறேன். பெத்த மகள ஏத்தயில பாக்க வேணாமா?"

"அதான் அவளே நூறு தடவ..."

"நான் எறங்கலல்ல."

அந்தப் பேச்சு கலைமதிக்குப் பிடித்திருந்தது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று ஊரெல்லாம் சொல்லும், ஆனால் தன் காலை விட்டு ஆழம் பார்க்க வருகிறவர் எத்தனை பேர்? "சரிண்ணே, நான் கத்துக்குடுக்குறேன்" என்று சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் இறங்கினால் முள்ளை எடுப்பது, இல்லாவிட்டால் முள் அங்கேயே கிடப்பது என்று பேச்சு. வைஷ்ணவிக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"மாடு புடிக்கப் போறவனுக்கு ஊரே நின்னு விசிலடிக்குது. எங்கப்பாவும் போன மாசம் தொண்ட கட்டுற வரைக்கும் அடிச்சாரு. நான் சைக்கிள் விட்டா மட்டும் முள்ள வெட்டிப் போடுவாரு" என்றாள். "அவருக்கு வயசு அம்பத்தொண்ணு. அஞ்சுல வளையாதது இனிமேயா வளையப் போவுது? நீங்க வேற."

கலைமதி அப்போது அலட்சியமாகச் சிரித்தாள். எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள். சர்க்கரை வியாதிக்காரர், கண்ணாடி இல்லாமல் பத்தடி தெரியாதவர், சைக்கிளையே முப்பது வயதில் முதலில் தொட்டவர் என்று எல்லோரையும் இறக்கிவிட்டிருக்கிறாள். அய்யாக்கண்ணுவுக்கு என்ன குறை? வண்டியின் நீள அகலம் தெரிந்த கண். எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லித்தரவே தேவையில்லை. வளைவுகளில் அவர் ஹேண்டில்பாரைத் திருப்பிய அழகைப் பார்த்து அவளே ஒரு நிமிடம் நின்றுவிட்டாள். காலை ஐந்தே முக்காலுக்கு டாண் என்று வந்துவிடுவார், ஏழரைக்கு வண்டி எடுக்கப் போய்விடுவார்.

ஆனால் பாறைக்கு வந்தால் மட்டும் விழுந்தார். திங்கள் மூன்று தடவை, செவ்வாய் நான்கு, புதன் ஐந்து. எல்லாம் வலது பக்கம்.

காரணம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. செங்குத்தாக இறங்கும்போது பெடல்கள் இரண்டும் ஒரே மட்டத்தில், ஒன்று முன்னேயும் ஒன்று பின்னேயுமாக அசையாமல் நிற்க வேண்டும். சக்கரம் விளிம்பைத் தாண்டியதும் அய்யாக்கண்ணுவின் வலது கால் ஓங்கி மிதித்துவிடும். வலது பெடல் கீழே போகும், பாறையில் முட்டும், ஆள் சாய்வார். பாறையில் ஒரே இடத்தில் பெடல் கீறிய வெள்ளைக் கோடுகள் வரிசையாக விழுந்திருந்தன.

"பிரேக்கு கையில இருக்குண்ணே. ரெண்டு கையிலயும் ஒத்த வெரலு போதும். கால மறந்துருங்க."

"தெரியுது ஆத்தா. மண்டைக்குத் தெரியுது. காலுக்குத் தெரியலயே."

புதன்கிழமை ஐந்தாவது தடவை விழுந்தபோது முழங்கையில் தோல் உரிந்துவிட்டது. அவர் முகம் சுளிக்கவில்லை. சைக்கிளை நிமிர்த்தி, சங்கிலியைச் சரிபார்த்து, "நாளைக்கு விடியக்காலமே ஸ்பெஷல் ட்ரிப்பு இருக்கு, வர முடியாது. நாளன்னைக்கு ஒரு நாளுதான்" என்றார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் கலைமதி தாங்கியிருப்பாள். அதில் வருத்தம் இருந்தது. இறங்கிப் பார்க்க வேண்டும் என்று அவரே ஆசைப்படுகிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. முள்ளை எடுக்காமல் இருக்கச் சாக்குத் தேடுகிற ஆள் இத்தனை தடவை விழமாட்டார்.

வியாழக்கிழமை புதுக்கோட்டைக்குப் போய்ப் பரிசுக் கோப்பைகளைப் பார்க்க வேண்டியிருந்தது. போட்டி நடக்குமா என்றே தெரியாமல் கோப்பை பார்க்கப் போகிறோமே என்று நொந்துகொண்டு மலையடியில் அன்னவாசல் போகும் மினிபஸ்ஸில் ஏறினால், அது ஸ்பெஷல் ட்ரிப்பு முடித்து வந்த அய்யாக்கண்ணுவின் வண்டி. உட்கார இடமில்லை. இன்ஜின் பெட்டியில் பையை வைத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றாள்.

"வா கோச்சம்மா" என்றார் திரும்பாமலே. செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார். வெறுங்காலோடுதான் ஓட்டுவார். முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு டம்ளரில் பாதி டீ இருந்தது. முழங்கைக் காயத்துக்கு மஞ்சள் பூசியிருந்தார்.

கண்மாய்க் கரைத் திருப்பத்தில் ஒரு ஆட்டுக்குட்டி துள்ளிக் குறுக்கே வந்தது. யாரோ கத்தினார்கள். வண்டி குலுங்காமல், முனகாமல், ஆணியடித்ததுபோல நின்றது. குட்டி கடந்து போனது. டீ தளும்பி விளிம்பு வரை வந்து அடங்கியது. கலைமதி ஆட்டைப் பார்க்கவில்லை. அவள் மூன்று நாளாகத் திட்டிக்கொண்டிருந்த அந்த வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரேக்கை மிதித்தது வலது கால்தான். ஆனால் அதே நொடியில் இடது கால் கிளட்சை மிதித்திருந்தது. இரண்டு குதிகாலும் ஒரே மட்டத்தில் தாழ்ந்து, இடுப்பு பின்னுக்குப் போய், தோள் தளர்ந்து இருந்தது. மலையிறக்கத்துக்கு இதைவிடச் சரியாக ஒரு ஆள் நிற்க முடியாது.

அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பின்னால் இருந்த அம்மா ஒருவர், "ஆடு சாகப் பாத்துச்சு, இதுக்குச் சிரிப்பாப்பா?" என்று கடிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை பாறைப் பக்கமே அவரைக் கூட்டிப் போகவில்லை. கீழே கட்டாந்தரையில் சைக்கிளை மெதுவாக விடச் சொன்னாள்.

"கால மறங்கன்னு சொன்னேன்லண்ணே, அது என் தப்பு. மறக்காதீங்க. நான் 'ஆடு'ன்னு சொன்னதும் பஸ்ஸுல மிதிக்கிற மாதிரியே மிதிங்க. கிளட்சு, பிரேக்கு, ரெண்டையும் சேத்து."

"சைக்கிள்ல ஏது ஆத்தா கிளட்சு?"

"இருக்குன்னு வச்சுக்குங்க. ஆடு!"

இரண்டு காலும் ஒன்றாக அழுந்தின. ஒன்று மிதிக்க இன்னொன்று தாங்க, பெடல் அசையவில்லை. குதிகால் தாழ்ந்தது, சைக்கிள் தரையோடு ஒட்டியது. அய்யாக்கண்ணு குனிந்து தன் கால்களையே பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "அட" என்றார்.

பத்து தடவை ஆடு வந்தது. சின்ன மேட்டில் பத்து தடவை வந்தது. பிறகு மேலே ஏறினார்கள். வைஷ்ணவி ஏற்கெனவே உச்சியில் தன் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தாள். யாரையும் பார்க்காத மாதிரி டயரில் காற்றை அமுக்கிப் பார்த்தாள். கலைமதி பாறைக்குக் கீழே இறங்கி, முள் கிளையை ஓரமாக இழுத்துப் போடலாமா என்று நினைத்தாள், போடவில்லை. அது அவர் போட்ட முள். இறங்கினால் பாறைக்கும் முள்ளுக்கும் நடுவே நிறுத்த இருபதடி இருக்கிறது, அது போதும்.

விளிம்பில் முன் சக்கரம் தெரிந்தது. அய்யாக்கண்ணு ஒரு நொடி நின்றார். யானைக்கும் அடி சறுக்கும் இடம் அது. சக்கரம் கவிழ்ந்தது.

"ஆடு!" என்று கலைமதி கத்திய சத்தம் அய்யனார் கோயில் காடு வரை கேட்டிருக்கும்.

வெள்ளைக் கோடுகளின் மேலேயே சைக்கிள் இறங்கியது. எதிலும் முட்டவில்லை. அடியில் வந்து, மண்ணில் குலுங்கி, முள்ளுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. டீ டம்ளர் வைத்திருந்தால் தளும்பியிருக்காது. மேலேயிருந்து ஒரு விசில் சத்தம் கேட்டது. வைஷ்ணவிதான்.

அய்யாக்கண்ணு சைக்கிளை மரத்தில் சாய்த்தார். உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார், சாக்ஸையும் கழற்றினார். ஒரு பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்தார். அப்புறம் எழுந்து போய், வெறுங்கையால் முள் கிளையின் தூரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக் கல் பள்ளத்துப் பக்கம் தள்ளிவிட்டார்.

கலைமதி உச்சியில் நின்ற வைஷ்ணவிக்குத் தயாராகு என்று கையைத் தூக்கினாள். அவர் நேராக நடந்துவந்து பாறைக்கு அடியில், தான் பன்னிரண்டு தடவை விழுந்த இடத்தில் நின்றுகொண்டார். இரண்டு கையையும் அரைகுறையாக விரித்திருந்தார்.

"அங்க நிக்காதீங்கண்ணே."

"நின்னா என்ன?"

"அவ வர்ற வழி அது."

அவர் ஒரு அடி நகர்ந்தார். கலைமதி தலையாட்டி இன்னும் என்றாள். இன்னொரு அடி நகர்ந்தார். கடைசியில் பாதையை விட்டு முழுசாக விலகி, தைல மரத்தை ஒட்டி நின்றார். தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி, பஸ் எடுக்கச் சொல்லித் தகரத்தைத் தட்டுகிற மாதிரி, உள்ளங்கையால் இரண்டு தடவை தட்டினார்.

"ரைட்டு!"

மேலே டயர் மண்ணைக் கிளப்பும் சத்தம் கேட்டது. அது நெருங்கிக்கொண்டே வந்தது. விளிம்பில் வைஷ்ணவியின் முன் சக்கரம் வானத்தில் தெரிந்தது. கலைமதி அதைப் பார்க்கவில்லை. அவள் அய்யாக்கண்ணுவின் காலைப் பார்த்தாள். வெறுங்கால், வலது கால், தைலச் சருகை நசுக்கிக்கொண்டு மண்ணில் அழுந்தியது. பிறகு மெதுவாக, இடது காலும் அதனோடு சேர்ந்து அழுந்தியது.