ஆறு நாள் வாய்க்கால்

அம்பத்தூரில் மலை எங்கே இருக்கிறது, யாராவது சொல்லுங்கள். 'இயற்கைக் காட்சி வரையுங்கள்' என்றால் போதும், ஏழாம் வகுப்பின் நாற்பது பிள்ளைகளும் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஓடை, ஓரத்தில் ஒரு தென்னை மரம் என்று போட்டு நீட்டுவார்கள். எந்தப் புண்ணியவான் இதை முதலில் சொல்லிக்கொடுத்தானோ, கையில் கிடைத்தால் விடமாட்டேன். ஜன்னலைத் திறந்தால் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வாய்க்கால் நாறுகிறது. அதை ஒரு பிள்ளைகூட வரைந்ததில்லை.

தொண்ணூற்று மூன்றில் சுற்றுச்சூழல் ஓவியக் கண்காட்சி வைக்கச் சொன்னார் தலைமை ஆசிரியர் பக்தவத்சலம். நான் அங்கே தற்காலிக ஓவிய ஆசிரியை. ஆறு வருஷமாகத் தற்காலிகம். இந்தத் தடவை மலை கிடையாது என்று பிள்ளைகளிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். தாளில் ஆறு கட்டம் போடுங்கள். திங்கள் முதல் சனி வரை தினமும் பாலத்தில் நின்று வாய்க்காலைப் பாருங்கள். தண்ணீர் என்ன நிறமோ அதே நிறத்தைக் கலந்து அன்றைய கட்டத்தில் பூசுங்கள். அவ்வளவுதான் பாடம்.

அடுத்த வாரம் பூங்காவனம் என்ற பிள்ளை கொண்டுவந்த தாளைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பச்சை, மஞ்சள், துருச் சிவப்பு, மறுபடி மஞ்சள், இப்படி ஆறு. ஒவ்வொரு கட்டத்துக்கும் அடியில் குண்டு குண்டாக எழுதியிருந்தாள். திங்கள், நிக்கல் தொட்டி. செவ்வாய், குரோம் தொட்டி. கடைசி வரியில், 'சொன்னவர் என் அப்பா தசரதன், பிளேட்டிங் கம்பெனி.'

"அப்பா எந்தத் தொட்டிய கழுவி வுடுறாரோ, அந்தக் கலருதான் டீச்சர் வாய்க்கால்ல வரும். நானா ஒண்ணும் போடல" என்றாள்.

நாற்பது தாளையும் சுவரில் குத்திவிட்டு தலைமை ஆசிரியரைக் கூட்டிவந்து காட்டினேன். பெருமையாகத்தான் காட்டினேன். அவர் முகம் சுண்டிப்போனது. சிறப்பு விருந்தினரே இரும்புச் சாமானுக்கு முலாம் பூசும் அந்த பிளேட்டிங் கம்பெனி முதலாளிதானாம். தாளும் கலர் பெட்டியும் அவர் கொடுத்தவையாம்.

"அவர் குடுத்த தாள்லயே அவரைத் திட்டி வெச்சிருக்கீங்களே, வடிவு டீச்சர். எல்லாத்தையும் நீலமா மாத்திடுங்க."

"பிள்ளைங்க கண்ணால பார்த்துப் போட்டது சார்."

"பார்த்ததெல்லாம் போடணுமா? அந்தத் தசரதன் பேரு வேற இருக்கு. அவனுக்கு வேலை போச்சுன்னா நீங்களா சோறு போடுவீங்க?" குரலைத் தணித்துக்கொண்டார். "உங்களை நிரந்தரம் பண்ண நிர்வாகத்துக்கு எழுதி வெச்சிருக்கேன். இன்னும் அனுப்பல."

எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. சுற்றுச்சூழலுக்கு விழா எடுப்பார்களாம், சாக்கடையை மட்டும் காட்டக் கூடாதாம். அந்த மனுஷர் நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போல நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மஞ்சளை வாட்டர் கலர் மூடாது என்று போஸ்டர் கலர் வாங்கிவந்து, இருநூற்று நாற்பது கட்டத்தையும் நானே நீலமாக்கினேன். பூங்காவனத்தின் எழுத்தின்மேல் வெள்ளை பூசினேன். தசரதனுக்காகத்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் முதலாளி வந்தார், மாலை போட்டார்கள். "ஆறு நாளும் சுத்தமான தண்ணி. இந்த வயசுலயே என்ன அக்கறை பாருங்க" என்று மைக்கில் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். சுவரோரம் நின்ற பிள்ளைகள் தங்கள் தாள்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பூங்காவனம் தாளைப் பார்க்கவில்லை, என்னை மட்டும்தான் பார்த்தாள்.

நாலு மணிக்கு, ஷிஃப்ட் முடிந்து, தசரதன் வந்தார். துவைத்த சட்டை, படிய வாரிய தலை. விரல் இடுக்கெல்லாம் குரோம் அரித்த புண். தாள் மூலையில் மகள் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து வெகுநேரம் நின்றார்.

"யாரு டீச்சர் நீலம் பூசுனது?"

"நான்தான். உங்க வேலைக்கு ஆபத்து வரக்கூடாதேன்னுதான்."

"என்னாண்ட ஒரு வார்த்த கேக்கலியே."

நான் தாளின் ஓரத்துக் குண்டூசியை அழுத்திக் குத்தினேன்.

"பாப்பா வாணாம்னுதான் சொல்லிச்சு. நான்தான் எம் பேர எழுதும்மான்னேன். தொட்டித் தண்ணிக்கு ஒரு வழி பண்ணுங்கன்னு ரெண்டு வருசமா கேட்டுகினு கீறோம், காதுல வாங்கல அந்த மொதலாளி. ஊரு பாக்க சுவத்துல இருந்தா என்னா சொல்றாருன்னு பாக்கலாம்னுதான் பேரு போடச் சொன்னேன். போனா போவுது வேல."

தாளைச் சுவரிலிருந்து எடுத்து அவரிடம் நீட்டினேன். நகத்தால் சுரண்டினால் அடியில் இருப்பது தெரியும் என்று உளறினேன். அவர் வாங்கவில்லை.

"இது எம் பொண்ணு படம் இல்லம்மா. நீங்க வரைஞ்சது. நீங்களே வெச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த மாதம் எனக்கு வேலை நிரந்தரமானது. ஆர்டரைக் கையில் கொடுத்துவிட்டு பக்தவத்சலம் ஸ்வீட் எங்கே என்று கேட்டார். வாங்கிக் கொடுத்தேன்.