முதல்தரக் குழி

யப்பான்காரன் குண்டு போட்டுவிட்டுப் போன வருஷத்து மாரியில், துறைமுகப் பட்டினத்து ஓர்ஸ் ஹில் குன்றின் அடிவாரத்து ஆதரவற்றோர் இல்லத்தைப் பரிசோதிக்கக் கொழும்பிலிருந்து பாக்கியரத்தினம் என்ற அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அபாயச் சங்கு ஊதியதும் அங்கிருப்பவர்கள் எவ்வளவு கெதியாகப் பதுங்குகுழிக்குள் இறங்குகிறார்கள் என்று மணிக்கூட்டை வைத்துப் பார்ப்பாராம்.

இல்லத்தில் பாதிப்பேர் எழுந்து நிற்கவே முடியாதவர்கள். அவர்களைத் தூக்க இருந்தவள் பத்மாசனி ஒருத்திதான். இன்னும் இரண்டு ஆள் வேண்டுமென்று கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் உளைந்துவிட்டது. அதிகாரி கண்ணால் கண்டால் தருவார் என்று நம்பியிருந்தாள்.

மேற்பார்வையாளர் சிவபாதம் பஞ்சாங்கத்தை நம்பினார். அதிகாரி வரும் நேரம் ராகுகாலம்.

"ராகுகாலத்திலை வருத்தக்காரரைத் தூக்கிறதோ? விடியவே சுபநேரத்திலை இறக்கிவிடு."

"குழிக்கை தண்ணி நிக்குது, ஐயா."

"பலகையைப் போடு. அவையின்ரை உயிரிலை உனக்கு அக்கறை இல்லையோ?"

அன்றைக்கு மட்டும் இரண்டு துறைமுகக் கூலிகளைப் பிடித்துக் கொடுத்தார். பாரிசவாதத்தில் விழுந்த பழைய வள்ளக்காரர் அருளம்பலத்தைச் சாக்கில் வைத்து இறக்கினார்கள்.

"சைவக்காரரை எரிக்கிறதெல்லே வழக்கம், பிள்ளை? உயிரோடை புதைக்கிறது எந்த முறை?"

"கொஞ்ச நேரந்தான், அப்பு. துரையிட்டை ஆள் கேக்கப்போறன். அவர் போனதும் ஏத்திவிடுறன்."

சங்கு ஊதியது. நடக்கக்கூடியவர்கள் தடியூன்றி வந்து சேர்வதற்குள் மற்றவர்கள் குழிக்குள் அடக்கமாக அமர்ந்திருந்தார்கள். பாக்கியரத்தினம் மணிக்கூட்டைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், மறுபடி மணிக்கூட்டைக் காதில் வைத்துப் பார்த்தார். கொழும்பிலேயே இந்த வேகம் இல்லை என்றார். உள்ளே போய், வெள்ளை விரிப்பு கசங்காத வெறுங்கட்டில்களைக் கண்டு உருகிப்போனார்.

பத்மாசனி முன்னே வந்தாள்.

"ஐயா, அவை விடியவே இறக்கின ஆக்கள். என்னாலை தனியத் தூக்க ஏலாது. இரண்டு பேரைத் தாங்கோ."

சிவபாதத்தின் முகம் கறுத்தது. அதிகாரியின் முகமோ மலர்ந்தது.

"விடியவேயோ? அருமையான முறை! சங்குக்குப் பிறகு இறக்கிறதிலைதான் ஆபத்து. இறக்கினவையை ஏன் ஏத்துவான்? பாதுகாப்பான இடத்திலையிருந்து ஆபத்தான இடத்துக்குத் தூக்க அரசாங்கம் ஆள் தரேலுமோ?"

"அதைத்தான் நானும் நினைச்சனான், சேர்," என்றார் சிவபாதம்.

"சண்டை முடியுமட்டும் உள்ளுக்கையே இருக்கட்டும். இல்லம் முதல்தரம்."

அதிகாரி போனார். கூலிகளும் போனார்கள். முதல்தரம் கசங்கிவிடக் கூடாதென்று சிவபாதம் கட்டில் அறையைப் பூட்டினார்.

மத்தியானம் மழை கொட்டியது. பத்மாசனி குழிக்குள் இறங்கி, அருளம்பலத்தின் கக்கத்துக்குள் கைகொடுத்துத் தூக்கினாள். கால் வழுக்க, இருவரும் சேற்றில் இருந்தார்கள்.

"பிள்ளை, நீ மேலை ஏறிப் போ," என்றார் அவர். "ஆராவது கண்டால் உன்னையும் பாதுகாத்துப்போடுவாங்கள்."

அவள் போகவில்லை. வாளியை எடுத்து இறைத்தாள். இறைத்த தண்ணீர் கரை மண்ணையும் கரைத்துக்கொண்டு திரும்பக் குழிக்குள்ளேயே வந்தது.