ஒரு சைஸ் பெரிய செருப்பு

அந்தச் சிறிய ஆஸ்பத்திரியில் அவள் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. யாருக்கு எப்போது ஸ்கேன், யார் கூட்டி வருவது, மாத்திரை வாங்கினார்களா என்று நாள் முழுக்கப் போனில் விசாரித்து ஏற்பாடு செய்வதுதான் வேலை. ஆகவே அவள் போன் அக்கா. உடம்பைப் பற்றி யார் எது கேட்டாலும் "அதை டாக்டர்கிட்டதான் கேக்கணும்" என்று சொல்லிவிட வேண்டும். அதில் மட்டும் அவள் ரொம்பக் கறார்.

அவள் விசாரிக்கும் நோயாளிகளில் ஒருவரான கண்டக்டருக்கு இருதயம் பலவீனம். பஸ்ஸை விட்டு ஓய்வு பெற்றவருக்கு வாய் மட்டும் ஓயவில்லை. வாராவாரம் அவள் போன் செய்தால் ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு, "ரைட், போலாம்" என்றுதான் வைப்பார்.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா ஐயா?"

"அதெல்லாம் போடுறேம்மா. இந்தச் செருப்புதான் இறுக்குது. போன மாசம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. கடைக்காரன் தலையில கட்டிட்டான்."

அவள் சிரித்துவிட்டாள். செருப்புதானே, இதற்கு ஏன் டாக்டர்? அன்று மாலையே ஒரு சைஸ் பெரியதாக ஒரு ஜோடி வாங்கி, ஆம்புலன்ஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினாள். லேசாகத் தலை சுற்றுகிறது என்று சொல்லியிருந்தால்கூட டாக்டரிடம் ஓடியிருப்பாள், பாவி. செருப்பு என்றதும் கடைக்கு ஓடினாள்.

அடுத்த முறை போன் செய்தபோது கண்டக்டர், "ஜம்முனு இருக்கும்மா" என்றார். அதற்கடுத்த முறை எடுக்க அவர் இல்லை.

செருப்பு விஷயத்தை அவளேதான் டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர், "இருதயம் தளர்ந்தா கால்ல நீர் கோத்துக்கும், அதான் வீங்கியிருக்கு. அப்பவே வரவழைச்சிருந்தா மருந்தை மாத்திப் பாத்திருக்கலாம்" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

காரியமெல்லாம் முடிந்து கண்டக்டரின் மனைவி ஆஸ்பத்திரிக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கையில் ஒரு பை, பைக்குள் அந்தச் செருப்பு.

"புதுசா இருக்கும்மா. வேற யாருக்காவது குடு. பெத்த பொண்ணுகூட இப்படிச் செய்யமாட்டான்னு சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போவாரு."

போன் அக்கா பையை வாங்கவில்லை. "அம்மா, அப்ப அவருக்குக் கால் வீங்கியிருந்திருக்கு. செருப்பு இறுக்குதுன்னாரு. எனக்குத்தான் உறைக்கல."

"நானுந்தான் தெனமும் கால் பிடிச்சுவிட்டேன். நின்னு நின்னு வேலை பாத்த கால், அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்." கிழவி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பவே தெரிஞ்சிருந்தா இருந்திருப்பாராம்மா?"

டாக்டர்கிட்டதான் கேக்கணும் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. இன்று அதைச் சொன்னால் தப்பித்துக்கொள்ளலாம். அவள் சொல்லவில்லை.

"இருந்திருக்கலாம்மா" என்றாள்.

கிழவி தலையை ஆட்டிக்கொண்டாள். கொடுக்க வந்த செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, நோயாளிக் கூட்டமெல்லாம் கலையும் வரை அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். போகும்போது அதைத் தன்னோடேயே எடுத்துக்கொண்டு போனாள்.