கடலுக்கு முதுகு காட்டியவன்

"கடலுக்கு முதுகைக் காட்டாதீங்க!" என்று ஹவாயின் கருமணல் கரையில் தினமும் தொண்டை கிழியக் கத்துகிற உயிர்காப்பாளன் கெயாவே, அன்று தன் மனைவி நோஹேயாவை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அலைச்சறுக்கு கற்றுத்தரும் பலானி, மணலில் போட்ட பலகையில் அவளை நிறுத்தி, அவள் இடுப்பைப் பிடித்து, நிற்கும் விதத்தைத் திருத்தினான். அவள் சிரித்தாள்.

தண்ணீரோரத்தில் கரையைப் பார்த்தபடி நின்ற கெயாவே, "ஏய், கையை எடுடா!" என்று கத்தினான்.

பின்னாலிருந்து எழுந்த அலை அவனைச் சுருட்டி எரிமலைப் பாறைகளின் பக்கம் இழுத்துப்போனது. பலகையோடு பாய்ந்த பலானி, அவனை அதில் குப்புறப் போட்டு, இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டு நீந்தினான்.

கரையிலிருந்து நோஹேயா கத்தினாள்: "என்ன ராசா, இப்ப அவன் கையை எடுக்கச் சொல்லட்டா?"