ஒஷாவாவுக்கு எப்படித் தெரிந்தது?

1.

எழுதவேண்டாம் என்று ஒருவர் சொன்னதால் எழுதப்படும் கதை இது.

என்னிடம் முதலில் கேட்கப்பட்டது கதையே அல்ல. ‘ஸ்காபரோ நாரைகள்’ என்ற வலைப்பந்து அணியின் வரலாறு. ஒரு விழா மலருக்கு, படங்களோடு நான்கு பக்கம். கேட்டவர் அந்த அணியின் முன்னாள் மனேஜர் கிளிபோட். விளையாடுவதற்குச் சம்பளம் வாங்கிய பெண்கள் அணி, புலம்பெயர்ந்த நம்மவர்கள் நடத்தியது. பாதிப் பேர் தமிழ்ப் பிள்ளைகள், மீதிப் பேர் ஜமேக்காப் பிள்ளைகள். நான்கு பருவங்கள் ஆடிவிட்டுக் கலைந்துபோனது.

ஏன் கலைந்தது என்று கேட்டேன்.

“கோவிட்டுக்குப் பிறகு எல்லாம் அப்பிடித்தானே” என்றார்.

அந்த அணி தொடங்கியதே கோவிட்டுக்குப் பிறகுதான். அப்போதே எனக்கு மனம் ஒரு மாதிரியாகிவிட்டது.

பயிற்சியாளர் யூஜினியைப் பார்க்க அஜின்கோர்ட்டுக்குப் போனேன். தேநீர் தந்தார். அணி வென்ற கிண்ணங்களைக் காட்டினார். புறப்படும்போது வாசல்வரை வந்து சொன்னார்: “எல்லாத்தையும் எழுதுங்கோ. துர்க்காவைப் பற்றி மட்டும் வேண்டாம்.”

வீட்டுக்கு வந்து முதல் வரியை எழுதினேன்.

நாரைகளின் வெற்றிகளுக்கெல்லாம் காரணம் கோல்கீப்பர் துர்க்காவின் நீண்ட கைகளும்

[அடித்துவிட்டேன். பாராட்டில் தொடங்கினால் அடுத்த பக்கத்தில் கவிழ்க்கப்போகிறேன் என்று வாசகர் ஊகித்துவிடுவார்.]

2.

ஏன் வேண்டாம் என்று கேட்க மறுபடி போனேன்; இனி வருவது யூஜினி சொன்னது. அவர் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு விளையாடியவர். பந்தோடு ஓடக்கூடாத ஆட்டம் என்பதால் ஒவ்வொரு எறியும் முன்கூட்டியே யோசித்ததாக இருக்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். யோசித்ததை மைதான ஓரத்து வாங்கில் இருந்தபடியே தமிழில் கத்துவார். ஜமேக்காப் பிள்ளைகளும் ‘இடம்’, ‘வலம்’, ‘உயர்த்தி’ எல்லாவற்றையும் பழகிவிட்டார்கள்.

முதல் இரண்டு பருவமும் பக்கத்து நகரமான ஒஷாவாவின் அணியை வென்றார்கள். மூன்றாவது பருவத்தில் ஒஷாவாவிடம் மட்டும் தோற்கத் தொடங்கினார்கள். பந்து போகும் இடத்தில் ஒஷாவாக்காரி ஒருத்தி ஏற்கெனவே நின்றாள். ஒருமுறை நடந்தால் திறமை. ஆட்டம் முழுக்க நடந்தால்?

யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று யூஜினி முடிவுகட்டினார். யார் என்று பயிற்சிகளில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தண்ணீர் குடிக்கிறவள், செல்போனைத் திருப்பி வைக்கிறவள், காரணமில்லாமல் சிரிக்கிறவள். அந்த நேரத்தில் கிளிபோட் வந்து காதில் போட்டார்: “உவள் துர்க்கா, ஒஷாவாக் கோச்சோட கோப்பி குடிச்சுக்கொண்டிருக்கிறாள். நான் கண்ணால கண்டனான்.”*

கோல்கீப்பர் எதிரணியின் ஷூட்டருக்குப் பக்கத்திலேயே நிற்கவேண்டியவள். அடுத்த ஆட்டத்தில் துர்க்காவின் உதடுகள் அசைவதை யூஜினி பார்த்தார். ஷூட்டர் தலையாட்டியதாகவும் தோன்றியது.

அரையிறுதியில் மறுபடி ஒஷாவா. கடைசி இடைவேளையில் யூஜினி துர்க்காவைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தனியே கூட்டிப்போனார்.

“இனி எல்லாப் பந்தும் இடப்பக்கத்தாலதான் போகும். ஒருத்தரிட்டையும் சொல்லாத.”

துர்க்காவுக்கு இது தேவையற்ற செய்தி. அவள் நிற்பது மறுமுனையில். வேறு எவரிடமும் யூஜினி அதைச் சொல்லவில்லை. அது பொறி.

விசில் ஊதியது. ஒஷாவாவின் தடுப்பாட்டக்காரிகள் இருவரும் இடப்பக்கம் போய் நின்றார்கள்.

யூஜினி வாங்கைவிட்டு எழுந்தார். ஆட்டத்தை நிறுத்தக் கேட்டு துர்க்காவை வெளியே எடுத்தார்.

“ஏன் அக்கா?”

“உனக்குத் தெரியும்.”

துர்க்கா மார்பில் ஒட்டியிருந்த, ஆடும் இடத்தைக் காட்டும் எழுத்துப் பட்டையைக் கழற்றி வாங்கில் வைத்தாள். பையை எடுத்தாள், போய்விட்டாள். மறுநாள் போன் எடுத்துக் கேட்கவுமில்லை. குற்றமில்லாதவள் என்றால் கேட்டிருப்பாளே என்று யூஜினி நினைத்தார்.

‘ஒஷாவாவுக்கு வித்தவள்’ என்ற பேச்சு கல்யாண மண்டபங்கள்வரை போனது. நான்காவது பருவத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்துப் பந்து எறிந்தார்கள். பருவம் முடிய அணியும் முடிந்தது.

* கிளிபோட்டிடம் கேட்டேன். “துர்க்காவைப் போலத்தான் கிடந்தது” என்றார். கண்ணால் கண்டவர் இப்படிப் பேசுவாரா?

3.

இந்த இடத்தில் நீங்கள் துர்க்காவைச் சந்தேகிக்கவேண்டும். நான் சந்தேகித்தேன். பொறி அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தது.

[பொறி வைத்தவரே சொல்லும் கதை என்பதை இங்கே அழுத்திச் சொல்லலாமா? வேண்டாம். சரி, சொல்லிவிட்டேன்.]

4.

போன மார்கழியில் ஒஷாவாவில் ஒரு ஞானஸ்நான விருந்து. உணவு வரிசையில் யூஜினி நிற்கிறார். பின்னால் ஒரு குரல்.

“அன்ரி, கொஞ்சம் தள்ளி நிப்பீங்களோ? பிள்ளைக்கு ஒரு பிளேட் எடுக்கவேணும்.”

திரும்பினார். தெரிந்த முகம். மூன்றாவது பருவத்தில் ஒஷாவா அணிக்கு வந்த மாற்று ஆட்டக்காரி ஸ்டெபனி. எப்போதும் வாங்கிலேயே இருப்பவள்.

“நீர் தமிழோ?”

“ஓம் அன்ரி. அம்மா அப்பா மன்னார்.”

“நான் உம்மைத் தமிழ் தெரியாத கயானாப் பிள்ளை எண்டெல்லோ நினைச்சனான்.”

ஸ்டெபனி சிரித்தாள். “எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கிறவை. நீங்கள் கத்துறது முழுக்க எனக்கு விளங்கும். நான் எங்கட கோச்சுக்கு டிரான்ஸ்லேட் பண்ணுவன். அந்த செமி ஃபைனல்ல நான் வாட்டர் பொட்டில் நிரப்பேக்க பக்கத்திலயே நிண்டு இடப்பக்கம் எண்டு சொன்னீங்கள். ஐ ஃபெல்ட் பேட், ஆக்சுவலி.”

குழாயடியில் ஒரு பெண் நின்றது யூஜினிக்கு ஞாபகம் வந்தது. அவள் முன்னால் என்னவும் பேசலாம் என்று நினைத்ததும் ஞாபகம் வந்தது. சாப்பிடாமலே வீட்டுக்கு வந்தார்.

துர்க்காவைப் பற்றி எழுதவேண்டாம் என்றதன் காரணம் இதுதான். உண்மை தெரிந்தும் அவர் துர்க்காவிடம் போகவில்லை.

[நான் ஸ்டெபனியைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். மொழிபெயர்த்ததை ஒப்புக்கொண்டாள். தண்ணீர்க் குழாய்? “அப்பிடிச் சொன்னனானோ தெரியேல்லை. மே பி.” ஸ்டெபனி குழாயடியில் நின்றாள் என்பதை யூஜினி தன் மனம் ஆறப் பிறகு கற்பனையில் சேர்த்துக்கொண்டாரா? எனக்குத் தெரியாது.]

5.

முடிவு ஒன்று: யூஜினி போகிறார். துர்க்கா அழுகிறாள். இருவரும் கட்டிப்பிடித்து

இல்லை.

முடிவு இரண்டு: துர்க்கா சிரித்தபடி, “நீங்கள் நினைச்சது சரிதான் அக்கா, நானும் சொன்னனான்” என்கிறாள். எழுத ஆசையாக இருந்தது. ஆனால் அது என் ஆசை.

நடந்தது: ஒரு சனிக்கிழமை பின்னேரம் நானே யூஜினியைக் காரில் யூனியன்வில்லுக்குக் கூட்டிப்போனேன். கதவைத் திறந்த துர்க்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“உள்ளுக்கு வாங்கோ.”

யூஜினி எல்லாவற்றையும் சொன்னார். குழாயடி, ஸ்டெபனி, பொறி. ஒஷாவாக் கோச்சோடு கோப்பி குடித்ததைப் பற்றி நான் கேட்டேன்.

“ஓம், நான்தான். தங்கட ரீமுக்கு வரச்சொல்லிக் கேட்டவா. மாட்டன் எண்டனான்.”

[இதற்கும் சாட்சி இல்லை.]

பிறகு அவள் யூஜினியிடம் கேட்டாள்: “அந்தப் பிள்ளை தமிழ் கதைக்காமல் இருந்திருந்தா, நீங்கள் இண்டைக்கு இஞ்ச வந்திருக்கமாட்டீங்கள், என்ன?”

யூஜினி தலையை அசைத்தார். வந்திருக்கமாட்டேன் என்றுதான்.

துர்க்கா என் பக்கம் திரும்பினாள். “நீங்கள் மலரில நான் செய்யேல்லை எண்டு போடாதேங்கோ. இப்ப கொஞ்சப் பேருக்குத்தான் அந்தக் கதை ஞாபகம். செய்யேல்லை எண்டு நீங்கள் போட்டா, என்னத்தைச் செய்யேல்லை எண்டு மற்ற ஆக்களும் தேடுவினம்.”

திரும்பும்போது காரில் யூஜினி அழுதார். இதையும் எழுதுவேன் என்று தெரிந்துதான் அழுதாரா என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. அந்த அளவுக்கு வந்துவிட்டேன்.

6.

மலர் அச்சுக்குப் போகவேண்டும். ஒரு வரிதான் மிச்சம். அவள் செய்யவில்லை என்று எழுதினால் துர்க்காவின் சொல்லை மீறுகிறேன். எழுதாமல் விட்டால் கல்யாண மண்டபங்களில் உலாவும் வரிதான் வரலாறு. இந்தக் கதையில் பெயர்களை மாற்றியிருக்கிறேன் என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை.

எந்தப் பத்திவரை அவளைச் சந்தேகித்தீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆகவே இதை நீங்களே முடியுங்கள்:

மூன்றாவது பருவ அரையிறுதியின் கடைசிப் பகுதியில், கோல்கீப்பர் துர்க்கா களத்தைவிட்டு வெளியேறினார். அதற்குக் காரணம்